ஓநாயின் பல்லைப் பிடுங்கும் காட்சியை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். கூடவே இருந்தவர் காட்டிக் கொடுத்ததில் வேலை போனது. இப்போது சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பு ஓடுகிறது. அதை விடுங்கள், என் கேள்வி வேறு. நான் சாதுவான ஆள். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட மனைவியைத்தான் கூப்பிடுவேன். ஊசி போடுவதைப் பார்த்தாலே தலை சுற்றும். அப்படிப்பட்டவன், 'தி எய்ட் டயகிராம் போல் ஃபைட்டர்' என்ற பழைய ஹாங்காங் குங்ஃபூ படத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதல் சண்டையையும் கடைசிச் சண்டையையும் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி, கம்பால் ஆட்களின் பல்லைப் பிடுங்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, "இதையா இத்தனை நாளா பாக்குறீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. எனக்குள் ஏதாவது குரூரம் ஒளிந்திருக்கிறதா? பத்து வயது மகன் தானும் பார்க்க வேண்டும் என்கிறான். காட்டலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

குரூரம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனைவியிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். ஆனால் இந்தப் படத்தை நீங்கள் பார்க்கும் விதத்தில் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. "அதை விடுங்கள்" என்று கடிதத்தில் நீங்கள் தாண்டிப்போன இடம்தான் அது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

மருத்துவ உளவியலாளராகப் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். அதைவிட நீண்ட காலமாக இந்த வகைப் படங்களுக்கு ரசிகன். அதனால் முதலில் படத்தைப் பற்றியே பேசுகிறேன். இதைப் பார்க்காதவர்களுக்கு உங்கள் மனைவியின் கேள்வி புரியும், உங்கள் பிடிப்பு புரியாது.

1984இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோ வெளியிட்ட படம். இயக்கியவர் லாவ் கார்-லியுங். சீனாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் யாங் குடும்பத்துத் தளபதிகளின் கதை இது. வரலாற்றில் யாங் யே என்ற தளபதி உண்மையிலேயே இருந்தார். சோங் என்ற சீன அரசுக்காக, வடக்கே கித்தான் என்ற இனத்தவர் ஆண்ட லியாவ் அரசை எதிர்த்துப் போரிட்டார். 986இல் பிடிபட்டு, உணவை மறுத்து உயிர்விட்டார். அதிலிருந்து வளர்ந்த கதையில் அவருக்கு ஏழு மகன்கள். தன் தரப்புத் தளபதியே சூழ்ச்சி செய்து, உதவி அனுப்பாமல் அவர்களை எதிரியிடம் மாட்டிவிடுகிறான். படத்தில் இது முதல் சில நிமிடங்களிலேயே நடந்து முடிகிறது. அப்பாவும் சகோதரர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணெதிரே வீழ்கிறார்கள். ஐந்தாவது மகனும் ஆறாவது மகனும் மட்டும் தப்புகிறார்கள்.

மற்ற சண்டைப் படங்களில் இந்த மாதிரி இழப்பு கதாநாயகனைக் கிளப்பிவிடுவதற்கான காரணமாக மட்டும் வந்துபோகும். இரண்டு காட்சி அழுகை, அப்புறம் பயிற்சி, அப்புறம் பழி. இங்கே இழப்பு போகவே மாட்டேன் என்கிறது. ஆறாவது மகன் வீடு வந்து சேர்கிறான், புத்தி பேதலித்து. அவனுக்கு வீட்டு முற்றமே போர்க்களம். தாங்கிப் பிடிக்க வரும் தங்கைகளைக்கூட எதிரி என்று நினைத்து ஈட்டியைத் தூக்குகிறான். அலெக்சாண்டர் ஃபூ ஷெங் நடித்த அந்தக் காட்சிகளை நான் ஒரு நோயாளியின் நிலையாகவே பார்க்கிறேன். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு, அது முடிந்துபோன சம்பவம் என்று மூளை ஒப்புக்கொள்ளாமல், இப்போதும் நடந்துகொண்டிருப்பதாகவே உடலை நடத்துவது உண்டு. நாங்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்குவதை ஃபூ ஷெங் கண்ணாலும் குரலாலும் காட்டிவிடுகிறார். அம்மாவாக வரும் லில்லி லீ, உடைந்துபோக நேரமில்லாத ஒருத்தியின் விறைப்போடு எதிரே நிற்கிறார்.

ஃபூ ஷெங் இந்தப் படத்தை முடிக்கவில்லை. 1983 ஜூலையில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில், கார் விபத்தில் இறந்துபோனார். வயது 28. கதையை மாற்றி எழுத வேண்டியிருந்தது. கடைசிச் சண்டையில் அண்ணனுக்குத் துணையாக ஆறாவது மகன் வரவில்லை, காரா ஹுய் நடித்த எட்டாவது பிள்ளையான தங்கைதான் வருகிறாள். அதனால் அந்த ஆறாவது மகன் படத்தில் என்ன ஆனான் என்பதற்குப் பதிலே கிடையாது. அவன் பைத்தியத்தோடு அந்த வீட்டிலேயே நின்றுபோகிறான். திரைக்கதையில் இதை ஓட்டை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது படத்தின் மிக உண்மையான பகுதி. நம் வீடுகளிலும் சில துயரங்கள் இப்படித்தான், முடிவுக் காட்சி இல்லாமல் நின்றுவிடுகின்றன.

இந்த இடத்தில் இயக்குநரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லாவ் கார்-லியுங் வன்முறையை விற்று வாழ்ந்தவர் இல்லை. அவருடைய அப்பா லாவ் சாம், ஹங் கார் என்ற தென்சீனக் குங்ஃபூ மரபின் ஆசான். அப்பாவின் குரு லாம் சாய்-விங், அவருடைய குரு புகழ்பெற்ற வோங் ஃபெய்-ஹங். அப்படி ஒரு வழி. முதலில் சாங் செ என்ற இயக்குநரிடம் சண்டை அமைப்பாளராக இருந்தார் லாவ். சாங் செயின் படங்களில் வயிறு கிழிந்த நாயகர்கள் ரத்தம் சொட்டச் சொட்ட நின்றபடியே சாவார்கள். 1975இல் தனியாக இயக்க வந்த பிறகு லாவ் வேறு பக்கம் திரும்பினார். கற்றுக்கொள்வது, ஆசானுக்கு மரியாதை, வெல்ல முடிந்தும் கொல்லாமல் விடுவது, இவைதான் அவர் படங்களின் விஷயம். 1978இல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சிதான். அடக்கத்தைப் பற்றியே படம் எடுத்த மனிதர் எடுத்த மிக இருட்டான படம் இது. அதனால்தான் இதில் வரும் ஒவ்வொரு அடிக்கும் எடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அடிப்பது தப்பு என்று தெரிந்த கை அடிக்கிறது.

இன்னொன்று. ஹங் கார் மரபில் 'ஐந்தாமவனின் எட்டு மூலைக் கம்பு' என்று ஒரு கம்புவரிசை இன்றும் கற்றுத் தரப்படுகிறது. யாங் குடும்பத்து ஐந்தாவது மகன் வூதாய் மலையில் பிக்குவாகி, தன் ஈட்டி வித்தையைக் கம்பு வித்தையாக மாற்றினான் என்பது அதன் மூலக்கதை. லாவ் தன் குடும்பத்தின் வழியாகக் கையில் வாங்கிய வித்தையின் பிறப்பைத்தான் படமாக்கியிருக்கிறார். அதில் வேட்டைக்காரனாக ஒரு சிறு வேடத்தில் வருகிறார், ஐந்தாவது மகனைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கிறார்.

கார்டன் லியு நடித்த அந்த ஐந்தாவது மகன் ஈட்டியின் கூர்முனையை வெட்டி எறிந்துவிட்டு மடத்துக்குப் போகிறான். பிக்குகள் அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். கண்ணில் கொலைவெறி இருக்கிறதே. அவனோ தன் தலையைத் தானே மழித்து, பிக்குகளின் தலையில் இடும் சூட்டுக்குறிகளைத் தானே போட்டுக்கொள்கிறான். துறவறத்தைக்கூடச் சண்டை போட்டு வாங்குகிறான் மனுஷன்! அந்த மடத்தில் பயிற்சிக்கு மர ஓநாய்கள் இருக்கும். மலையில் ஓநாய்த் தொல்லை. பிக்குகள் உயிரைக் கொல்லக் கூடாது. அதனால் பல்லை மட்டும் பிடுங்கி விட்டுவிட வேண்டும், கம்புப் பயிற்சியே அதற்குத்தான். ஐந்தாமவன் மர ஓநாயைப் பல்லோடு நிறுத்தாமல் அடித்து நொறுக்குகிறான். மற்ற பிக்குகள் அவனைப் பார்க்கும் பார்வை ஞாபகம் இருக்கிறதா? தலைமைப் பிக்குவாக வரும் ஃபிலிப் கோவோடு அவன் மோதும் சண்டையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது: இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு இந்த வித்தையை என்ன செய்யப் போகிறாய்?

சரி, உங்கள் மனைவி பார்த்த காட்சிக்கு வருவோம். சவப்பெட்டிகள் அடுக்கிய சத்திரத்தில் கடைசிச் சண்டை. மடத்துப் பிக்குகள் உதவிக்கு வருகிறார்கள். ஓநாயின் பல்லைப் பிடுங்கும் அதே வித்தையை மனிதர்கள் மீது காட்டுகிறார்கள். 'கொல்லாமல் விடும் வழி' என்று கற்ற ஒன்று, பார்க்க முடியாத கொடூரமாக மாறி நிற்கிறது. கொல்லவில்லை, விதிப்படி நடந்துகொண்டார்கள். ஆனால் இது கருணையா? படம் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. நடுவில் இருந்து பார்க்கிற ஒருவருக்கு இது வெறும் பல் பிடுங்கும் காட்சியாகத்தான் தெரியும். மர ஓநாய்களோடு சேர்த்துப் பார்த்தவருக்குத்தான் நெஞ்சு அடைக்கும். மனைவிக்குச் சொல்லப் பதில் இல்லை என்றீர்களே, இதுவே பதிலாக இருக்கலாம்.

குரூரம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். 1990களில் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் சிலர் கல்லூரி மாணவர்களுக்கு உண்மையான ஆவணப் படங்களைக் காட்டினார்கள். கசாப்புக் கூடத்தில் மாடு வெட்டுவது, முகத்தில் அறுவைச் சிகிச்சை, இப்படி. வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பாலானவர்கள் முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். இதைவிட ரத்தம் தெறிக்கும் திரைப்படங்களைக் காசு கொடுத்துப் பார்க்கிற வயதுதான் அவர்களுக்கு. ரத்தத்தைப் பார்க்கும் ஆசைதான் மனிதர்களை இந்தப் படங்களிடம் இழுக்கிறது என்றால் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஊசியைப் பார்த்துத் தலை சுற்றும் நீங்களும் அந்த மாணவர்களும் ஒரே ரகம். இந்தப் படத்தில் வானம் ஸ்டுடியோவில் தீட்டிய வானம், மரணம் நாடக மேடையின் மரணம். யாங் குடும்பத்தின் கதை சீன ஓபராவில் காலங்காலமாக ஆடப்படுவது. எதிரியிடம் சிக்கி, எதிரி இளவரசியையே மணந்துகொண்டு, ஓர் இரவு மட்டும் அம்மாவைப் பார்க்கத் திருட்டுத்தனமாக வரும் நான்காவது மகனின் கதைக்கு அங்கே இன்றும் கூட்டம் சேரும். கூடி உட்கார்ந்து பார்க்க வேண்டிய துயரமாகவே அவர்கள் இதை வைத்திருக்கிறார்கள்.

வன்முறைக் காட்சிகளில் ஏதோ அர்த்தம் இருப்பதாகத் தோன்றினால் மக்கள் அவற்றைப் பார்க்க அதிகம் விரும்புகிறார்கள் என்று பிற்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. மகிழ்ச்சிக்காக மட்டுமே நாம் படம் பார்ப்பதில்லை. வாழ்க்கையில் இது எப்படி நடந்தது, இதற்குப் பிறகு ஒருவன் எப்படி நிற்பான் என்று தெரிந்துகொள்ளவும் பார்க்கிறோம்.

இனி நீங்கள் தாண்டிப்போன வரி. "கூடவே இருந்தவர் காட்டிக் கொடுத்ததில்" என்று எழுதிவிட்டு, "என் கேள்வி வேறு" என்றீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத் தெரிகிறது. குங்ஃபூ படங்கள் எத்தனையோ இருக்க, சொந்தத் தரப்புத் தளபதியே குடும்பத்தைக் காட்டிக் கொடுக்கும் படத்தை நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதிலும் எதைப் பார்க்கிறீர்கள்? துரோகம் நடக்கும் முதல் சண்டை, கணக்குத் தீர்க்கும் கடைசிச் சண்டை. நடுவில் இருக்கும் மடத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். ஆறாவது மகனையும்தான். பைத்தியம் பிடித்த அந்தப் பிள்ளை முற்றத்தில் கத்தும்போது நீங்கள் அங்கே இல்லை.

கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் தணியும் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. சோதித்துப் பார்த்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. தன்னைக் கோபப்படுத்தியவரை மனதில் நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையை அடித்தவர்கள், அடித்து முடித்தபோது இன்னும் அதிகக் கோபத்தில் இருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தேவலாம். கடைசிச் சண்டையில் அடி வாங்குபவனின் முகத்தில் உங்கள் பழைய சகாவின் முகத்தை வைத்துப் பார்க்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அப்படி என்றால், பார்த்து முடிக்கும் ஒவ்வொரு இரவும் காயத்தைப் புதிதாக்கிக்கொண்டு படுக்கப் போகிறீர்கள். உடம்பு அந்தப் படபடப்பிலிருந்து இறங்கச் சற்று நேரம் எடுக்கும். தூக்கம் கெடும். மறுநாள் யாரோ வாடிக்கையாளர் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகூடச் சந்தேகப்படுவது போலக் கேட்கும். இதில் எது நடக்கிறது என்று கவனியுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் நல்லது, பாருங்கள், ரசியுங்கள்.

நடக்கிறது என்றாலும் படத்தை விடச் சொல்ல மாட்டேன். முழுதாகப் பாருங்கள் என்பேன். இரவில் வேண்டாம். ஞாயிறு மதியம், ஹெட்போன் இல்லாமல், முதலிலிருந்து. முடிந்தால் மனைவியோடு. எதிரி தோற்றான், துரோகி மாண்டான், எல்லாம் முடிந்தபின் ஐந்தாவது மகன் என்ன செய்கிறான் என்று அவர் பார்க்கட்டும். தங்கை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். அவன் போவதில்லை. வீட்டு மனிதனாகவும் ஆக முடியாது, மடத்துப் பிக்குவாகவும் இருக்க முடியாது என்று தெரிந்துகொண்டு எங்கோ நடந்துவிடுகிறான். பழி வாங்கியதால் அவனுக்கு வீடு திரும்பக் கிடைக்கவில்லை. கடைசிச் சண்டையோடு நிறுத்திவிட்டால் இந்த நிமிடங்கள் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கு இந்தப் படம் பெரிய படமாவது இங்கேதான்.

பார்த்து முடித்ததும் மனைவியிடம் வேலை போன கதையைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதைவிட, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவதற்கு முன் உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை. ஆண்கள் பலர் இதைச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள், நான் சந்தித்த பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். சொல்ல வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என்னிடம் எழுதத் தெரிந்தவருக்கு அவரிடம் எழுதுவது கடினமாக இருக்காது. சில வாரங்கள் ஆகியும் தூக்கம் சரியாகவில்லை, அந்த நபரைப் பற்றிய நினைப்பு நாள் முழுக்கத் துரத்துகிறது என்றால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணுக்கும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மகனுக்கு இந்தப் படம் இப்போது வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு ரத்தம் பொய் என்று புரிந்துவிடும், அது எனக்குப் பெரிய கவலை இல்லை. முதல் பத்து நிமிடத்தில் ஒரு குடும்பமே அழிவதும், ஒரு அண்ணன் அம்மாவை அடையாளம் தெரியாமல் கத்துவதும் அவன் மனதில் எங்கே போய் உட்காரும் என்பதுதான் கவலை. அப்பா வேலை இழந்த வீட்டில் அவனும்தான் இருந்தான். பதினைந்து வயது வாக்கில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம். அதுவரை அதே இயக்குநரின், அதே கார்டன் லியு நடித்த 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' காட்டுங்கள். 1970களின் கடைசியில் வந்த படம். சீன வாலிபன் ஒருவன் ஜப்பானியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, யார் நாட்டு வித்தை உசத்தி என்று அவளோடு சண்டை போட்டு, கடைசியில் ஜப்பானிலிருந்து வந்து இறங்கும் வீரர்களை ஒவ்வொருவராகச் சந்திக்கிறான். வாள், ஈட்டி, நுஞ்சாக்கு, நிஞ்சா தந்திரம் எல்லாம் உண்டு, ஒருவரும் சாவதில்லை. உங்கள் மனைவிக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன், புருஷன் பெண்டாட்டி சண்டையும் அதில் நிறைய இருக்கிறது.